கடைசிப் பிள்ளையின் பாட்டு
(ஜார்ஜ் ஹாரிசன் வாழ்க்கை வரலாறு)



பீட்டில்ஸ் என்ற இசைக்குழுவின் பேரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் நான்கு பேர். ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி இருவரையும்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். நான் எழுதப்போவது அந்த நாலு பேரில் வயதில் சின்னவரான ஜார்ஜ் ஹாரிசனைப் பற்றி.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் 1943 பிப்ரவரி 25 அன்று இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் பிறந்தார். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். நாலு பிள்ளைகளில் இவர்தான் கடைசி. பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் பால் பழக்கமானார். அவர் ஜார்ஜை ஜானிடம் கூட்டிப் போனார். ஜானுக்கு இவர் ரொம்பப் பொடியனாகத் தெரிந்தார். ஆனாலும் கிதார் வாசிப்பைக் கேட்டுவிட்டு 1958ல் சேர்த்துக்கொண்டார்கள்.

கிடைக்காத இடம்

குழுவில் பாட்டு எழுதுவது பெரும்பாலும் ஜானும் பாலும்தான். 1963ல் ஜார்ஜ் எழுதிய முதல் பாட்டு வெளிவந்தது. அதற்குப் பிறகும் ஓர் இசைத்தட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இடம் கொடுத்தார்கள். வீட்டில் கடைசிப் பிள்ளை வாயைத் திறந்தால், நீ சும்மா இரு என்று சொல்லிவிடுவார்கள் இல்லையா? அது மாதிரிதான். 1969 ஜனவரியில் மனசு வெறுத்துப்போய்க் குழுவை விட்டே கிளம்பிவிட்டார். சில நாளில் திரும்பி வந்தார்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. 1966ல் இந்தியாவுக்கு வந்து பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றார். பாட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசி இசைத்தட்டு

நாலு பேரும் சேர்ந்து கடைசியாக உருவாக்கிய இசைத்தட்டு அபே ரோடு. 1969 செப்டம்பரில் வெளிவந்தது. (1970ல் வந்த லெட் இட் பீ பெரும்பாலும் அதற்கு முன்பே பதிவானது.) அபே ரோட்டில் உள்ள 17 பாட்டில் ஜார்ஜுடையது இரண்டே இரண்டு. ஒன்று சம்திங். அவர் எழுதிய பாட்டு, பீட்டில்ஸ் சிறு இசைத்தட்டின் முன்பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. இன்னொன்று ஹியர் கம்ஸ் தி சன். குளிர்காலம் போய் வெயில் வரும் சந்தோஷத்தைச் சொல்வது. கம்பெனிக் கூட்டத்துக்குப் போகாமல், நண்பர் எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதியது. 2023ல் ஸ்பாட்டிஃபையில் 100 கோடி தடவை கேட்கப்பட்ட முதல் பீட்டில்ஸ் பாட்டு இந்தக் கடைசிப் பிள்ளையின் பாட்டுத்தான்!

பிற்காலம்

1970ல் குழு பிரிந்தது. அதே வருஷம் ஜார்ஜ் தனியாக ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். மூன்று தட்டுகள்! குழுவில் இடம் கிடைக்காத பாட்டுகளும் அதில் வந்தன. 1971 ஆகஸ்ட் 1 அன்று, ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால், வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார். 2001 நவம்பர் 29 அன்று தமது 58வது வயதில் புற்றுநோயால் மறைந்தார்.

நான் கற்றுக்கொண்டது

இடம் கொடுக்கவில்லை என்று அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தால் அந்தப் பாட்டுகளே இருந்திருக்காது. அதனால் தம்பி தங்கைகளே, நம் முறை வராவிட்டாலும் எழுதி வைப்போம். அண்ணன்களே, அக்காக்களே, நீங்களும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். கடைசியில் நிற்பவரிடம் ஒரு நல்ல பாட்டு இருக்கலாம்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி