காந்தியின் கணக்குப்பிள்ளை: ஜே. சி. குமரப்பா

புத்தாண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் படிக்கிறார்கள். அது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த விசயம் என்று சில பிள்ளைகள் நினைப்பதுண்டு. ஆகவே தஞ்சாவூரில் பிறந்த ஒரு தமிழரைப் பற்றி எழுதுகிறேன்.

1892 ஜனவரி 4ஆம் திகதி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். இலண்டனில் கணக்காளராகத் தேறி, பம்பாயில் சொந்தமாகத் தொழில் நடத்தினார். கோட்டும் சூட்டுமாய் வாழ்ந்த மனிதர். பிறகு அமெரிக்கா போய், நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரச நிதி பற்றிப் படித்தார். இந்தியா ஏன் ஏழையாய்க் கிடக்கிறது என்று வரவு செலவுக் கணக்குகளைக் கிளறிப் பார்த்தபோதுதான், பிரிட்டிஷ் ஆட்சி எப்படிச் சுரண்டுகிறது என்பது அவருக்கு விளங்கியது.

அந்த ஆய்வை அச்சிடும் விடயமாக 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த கிழவரைக் கண்டார். அவர்தான் காந்தி என்று பிறகுதான் தெரிய வந்தது. அன்றோடு வாழ்க்கை திரும்பியது. கோட்டு சூட்டுப் போய்க் கதர் வந்தது. கொர்னேலியஸ் போய், குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா வந்தது. கலியாணமே முடிக்கவில்லை. பல தடவை சிறை சென்றார்.

1934இல் பீகாரில் பெரும் பூமியதிர்ச்சி. நிவாரணப் பணத்தின் கணக்கு குமரப்பாவின் கையில். காந்தியும் கூட வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களின் செலவுக்கு அந்தப் பணத்தில் ஒரு சதமும் தர முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். சங்கம் நடத்துகிற எங்களுக்கும் இது ஒரு பாடந்தான்.

அதே ஆண்டு தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். 1942 போராட்டத்துக்குப் பின் சிறையில் இருந்தபடி, நிலைத்திருக்கும் பொருளாதாரம் பற்றிய நூலை எழுதினார். 1945இல் காந்தி அதற்கு முன்னுரை கொடுத்தார்.

நூலின் சாரம் இதுதான். இயற்கையில் ஐந்து வகைப் பிழைப்பு உண்டு. மற்ற உயிரைக் கொன்று தின்பது முதலாவது. மாந்தோப்பில் புகுந்த குரங்கு போல, ஒன்றும் கொடுக்காமல் பறிப்பது இரண்டாவது. தேனீ பூவுக்கும் உதவி செய்து தனக்கும் தேடுகிறது. தேன்கூடு முழுக் கூட்டத்துக்கும் உரியது. கடைசியாகத் தாய்ப்பறவை, பலன் பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. இலாபம் ஒன்றையே குறியாகக் கொண்ட தொழில்முறை முதல் இரண்டிலும் நின்றுவிடுகிறது என்பது அவரின் குற்றச்சாட்டு.

இன்னொன்றும் சொன்னார். நிலக்கரி, பெற்றோலியம் எல்லாம் சேமித்து வைத்த இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். குறையக் குறைய அதற்காகச் சண்டை வரும். காற்று, நீர், மரம் ஓடிக்கொண்டிருக்கும் செல்வம். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய் விளக்கையும், கரும்புச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியையும் பரப்பினார். கரும்பு நல்ல நிலத்தையும் தண்ணீரையும் கேட்கும். பனை தரிசில் நிற்கும். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை!

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, உழுகிறவனுக்கே நிலம் என்று 1949இல் அறிக்கை கொடுத்தார். ஆனால் டில்லி பெரிய ஆலைகளையும் அணைகளையும் நம்பியது. கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே திகதியில், கண்மூடினார். மனிதன் மனிதனை அடக்குவதிலிருந்தே இயற்கையை அடக்கும் எண்ணம் பிறக்கிறது என்ற சமூகச் சூழலியலை அமெரிக்கரான மரே புக்சின் பின்னாளில் விரித்து எழுதினார். 1973இல் சூமாக்கரின் புகழ்பெற்ற நூலிலும் குமரப்பாவின் கருத்து இடம்பெற்றது.

நாங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் மாடிவீடுகளில் இருக்கிறோம். இந்த நாட்டின் செழிப்பில் பெரும்பங்கு 1969இல் வடகடலில் கண்ட எண்ணெயால் வந்தது. எங்கட பிள்ளைகளின் படிப்பிலும் அந்தக் காசு இருக்கிறது; மறைக்க வேண்டாம். ஊரில் சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்து, குடிதண்ணீர் கெட்டது. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. ஒரே எண்ணெய், இங்கே வாழ்வு தந்தது, அங்கே கிணற்றைக் கெடுத்தது. இருப்பு யாருடையது, செலவு யாருடைய தலையில் என்று குமரப்பா கேட்டிருப்பார்.

ஊருக்குக் காசு அனுப்பும்போது வீட்டுக்கு மதில் கட்டுவதோடு நில்லாமல், குளம் தூர்வாரவும் பனங்கொட்டை நடவும் கொஞ்சம் ஒதுக்குவோம். கணக்கையும் ஒழுங்காய் எழுதி வைப்போம். பிள்ளைகளுக்கும் அவரின் கதையைச் சொல்லுங்கோ.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.