பெட்டேன் இழந்த பெயர்

பழைய தியாகத்தைக் காட்டிப் புதிய துரோகத்துக்கு மன்னிப்புத் தேடுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் அறியவேண்டிய வரலாறு, பிரான்சு நாட்டு மார்ஷல் பெட்டேனுடையது.

1856-இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1916-இல் ஜெர்மன் படை வெர்டனைத் தாக்கியபோது, அதைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். களைத்த படையை முறைவைத்து மாற்றினார். ஒரே சாலையில் இரவும் பகலும் லாரிகளை ஓட்டித் தளவாடம் சேர்த்தார். வெர்டன் விழவில்லை. நாடு அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. 1918-இல் மார்ஷல் பதவியும் வந்தது.

1940 ஜூனில் ஹிட்லரின் படை பாரிசில் நுழைந்தது. வெர்டனைக் காத்தவர் நம்மையும் காப்பார் என்று மக்கள் நம்பினர். 84 வயதுக் கிழவர் என்ன செய்தார்? போர்நிறுத்தம் கேட்டுப் பணிந்தார். ஜூலை 10-இல் நாடாளுமன்றம் முழு அதிகாரத்தையும் அவரிடம் ஒப்படைத்தது: ஆதரவு 569, எதிர்ப்பு 80. அக்டோபரில் ஹிட்லரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். அவர் ஆட்சி தொழிற்சங்கங்களின் தலைமை அமைப்புகளைக் கலைத்தது, வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. 1942 ஜூலையில் பாரிசில் சுமார் 13,000 யூதர்களை, குழந்தைகள் உட்பட, வளைத்துப் பிடித்தது அவர் அரசின் போலீசுதான். 1943-இல் இளைஞர்களைக் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு அனுப்பினர்.

1945 ஆகஸ்டில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. முன்பு அவர்கீழ்ப் பணியாற்றிய தெகால், அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1951-இல், 95ஆம் வயதில், யூ தீவில் கைதியாகவே மாண்டார். வெர்டன் வீரர்களின் நடுவே அடக்கமாக விரும்பினார். அந்த இடம் இன்றுவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

வெர்டனை மறக்கலாமா என்று கேட்போர் அங்கே இன்னும் உண்டு. நாம் திருப்பிக் கேட்கிறோம்: வெர்டன் புகழ் இல்லாதிருந்தால், நாடு கண்ணை மூடிக்கொண்டு அவர் பின்னே போயிருக்குமா? அந்தப் புகழே நாட்டைக் கட்டிய கயிறாயிற்று. அந்தப் புகழும் அவர் ஒருவர் சொத்தல்லவே! சேற்றில் மடிந்த உழவனும் தொழிலாளியும் சேர்த்துத் தந்தது அது.

தோழர்களே! தலைவரின் நேற்றைய தொண்டுக்கு நன்றி சொல்வோம். இன்றைய செயலுக்குக் கணக்குக் கேட்போம். அன்று எதிர்த்து வாக்களித்த 80 பேரும் வெர்டனை மறந்தவர்கள் அல்லர். மதிப்பு வேறு, அடிமைத்தனம் வேறு என்று அறிந்தவர்கள். நாட்டின் மானத்தைக் காத்தவர்கள் அவர்களே.