கல்லுப்பட்டித் துறவி குமரப்பா

கூடல் என்றும் ஆலவாய் என்றும் புலவர்களாற் புகழப்பெற்ற மதுரை மாநகரில், வைகையின் வடபால், இராணி மங்கம்மாள் வாழ்ந்த தமுக்கம் அரண்மனை இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஜவகர்லால் நேரு அதனைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். 1948 ஜனவரி 30 அன்று தில்லியில் காந்தியடிகள் சுடப்பட்டு வீழ்ந்தபோது அணிந்திருந்த, குருதி தோய்ந்த ஆடையின் பகுதி அங்கே காக்கப்படுகிறது. அதன்முன் வருவோர் பேச்சற்று நிற்பர். 1921 செப்டம்பர் 22 அன்று, ஏழைக் குடியானவனைப் போல அரையாடை மட்டுமே உடுப்பதென அடிகள் முடிவு செய்ததும் இம்மதுரையிலேதான். எனவே அத்துணியை இவ்வூர் காத்துவருவது மிகவும் பொருந்தும்.

பேழைக்குள் வைத்துக் காக்கவியலாத நினைவும் உண்டு. அண்ணலின் மறைவால் நேர்ந்த துயரைத் தம் நாளும் பொழுதுமாகச் சுமந்த ஒருவர், மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலத்தைக் கடந்து இராசபாளையம் செல்லும் சாலையிலுள்ள டி. கல்லுப்பட்டியில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். அவரே ஜே. சி. குமரப்பா.

அவர் 1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் அரசின் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். குமரப்பா என்பது பிற்காலத்தில் அவர் விரும்பி ஏற்றுக்கொண்ட குடும்பப் பழம்பெயர். இலண்டனிற் கணக்காய்வுக் கலையைக் கற்றுத் தேர்ந்து, பம்பாயில் அத்தொழிலைச் செய்து பெரும்பொருள் ஈட்டினார். உடையும் நடையும் மேனாட்டாரைப் போன்றே இருந்தன. நாட்டு விடுதலையைப் பற்றி அக்காலத்தில் அவர் பெரிதும் எண்ணியதில்லை.

1927-இல் அமெரிக்கா சென்று மீண்டும் மாணவரானார். ஆங்கு ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமையைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு செய்தித்தாளில் வெளிவந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த செலிக்மன் என்னும் பேராசிரியர் அதனைக் கண்ணுற்று, அப்பொருளையே ஆராயுமாறு தூண்டினார். அரசின் வரவு செலவுகளைக் கணக்காயரின் கண்கொண்டு பார்த்த குமரப்பாவுக்கு, உழவன் கட்டிய வரி அவனுக்குத் திரும்பி வாராத செய்தி விளங்கிற்று. ஆராயச் சென்றவரை அவ்வாராய்ச்சியே மாற்றிவிட்டது.

அந்நூலை வெளியிடும் பொருட்டு 1929 மே 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். மரநிழலிற் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரே காந்தியடிகள் என்பதை அவர் முதலில் அறிந்திலர். அறிந்ததும், பட்டாடை கசங்குவதையும் பாராது அத்தரையிலேயே அமர்ந்தார். பின்னர் ஒருவர் நாற்காலி கொணர்ந்தும் அதனை ஏற்கவில்லை. அன்று தொடங்கிய உறவு இறுதிவரை நீடித்தது. அடிகள் அவரைக் குஜராத்திலுள்ள மாதர் வட்டத்தின் சிற்றூர்களை ஆராயப் பணித்தார். உப்பு அறப்போர் நிகழ்ந்த காலத்தில் ‘யங் இந்தியா’ இதழை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது; அதனாற் சிறையும் வந்தது. அப்போரின்போது, இயேசுநாதரைப் பின்பற்றுவோர் அஃறவழி நிற்போரின் பக்கமே நிற்றல் வேண்டும் என்று கிறிஸ்தவ ஊழியர்களுக்கு அவர் அறைகூவல் விடுத்தார்.

1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் நிலம் நடுங்கியது. பீகாரிலும் நேபாளத்திலுமாக 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும், எல்லாச் சமயத்தாரிடமிருந்தும் பொருளுதவி வந்து குவிந்தது. இராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் அமைந்த துயர்நீக்கக் குழுவின் கணக்கைக் காக்கும் பணி குமரப்பாவை அடைந்தது. கணக்கெழுதுதலை எளிய வேலை என்று எண்ணுவார் உளர். துயருற்றோர்க்கென வந்த பொருளிற் காலணாவும் வழிதவறாமற் காப்பது எத்துணைப் பெரிய அன்பு என்பதைப் பட்டினி கிடந்தோரே அறிவர். தொண்டர் ஒருவரின் நாட்செலவுக்கு மூன்றணா என்று அவர் வரையறுத்தார். அவ்வமயம் காந்தியடிகளே தம் குழுவினருடன் பாட்னாவுக்கு வந்தார். அக்குழுவினரின் பாலுக்கும் பழத்துக்கும் மூன்றணா போதாது. அச்செலவைத் துயர்நீக்க நிதியிலிருந்து கொடுத்தற்கில்லை என்று மகாதேவ தேசாயிடம் குமரப்பா தெளிவாகக் கூறிவிட்டார். தலைவரிடத்தும் தளராத அக்கண்டிப்பை அடிகள் குற்றமாகக் கொள்ளவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவிலே தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். கைக்குத்தலரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், கையாற் செய்த காகிதம் இவற்றையெல்லாம் அங்கே ஆராய்ந்து மேம்படுத்தினார்கள். மண்ணெண்ணெயை விலக்கித் தாவர எண்ணெயால் எரியும் விளக்கொன்றையும் ஆக்கினார்கள்.

1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தை ஒட்டி மீண்டும் சிறை புகுந்தவர், ஜபல்பூர்ச் சிறையில் இரு நூல்களை இயற்றினார். இரண்டுக்கும் முன்னுரை தந்தவர் காந்தியடிகள். ஒன்று இயேசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மேனாட்டு உடையும் பழக்கமும் வேறு, இயேசுவின் நெறி வேறு என்பதும், எளியோர்க்குத் தொண்டு செய்தலே அந்நெறியின் உயிர் என்பதும் குமரப்பாவின் துணிபு. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. அதில் உயிர்கள் பிழைக்கும் முறைகளை ஐந்தாக வகுத்துக் காட்டினார். பிறவுயிரைக் கொன்றுண்பது புலியின் வழி. தான் வளர்க்காத மரத்தின் கனியைப் பறித்துண்பது குரங்கின் வழி. தன் கூட்டைத் தானே கட்டுவது பறவையின் வழி. கூட்டத்துக்காகத் தேன் சேர்ப்பது தேனீயின் வழி. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டுவது தாய்ப்பறவையின் வழி. மனிதன் சென்றடைய வேண்டிய இடம் இவற்றுள் இறுதியானதே என்றார். கணக்காயர் எழுதிய நூல் தாயன்பிலே சென்று முடிவது எண்ணத்தக்கது.

நூல்கள் வெளிவந்து மூன்றாண்டும் நிரம்புமுன் அண்ணல் மறைந்தார். நாடு கதறியது. சிலை வைப்போரும் பாமாலை சூட்டுவோரும் எங்கும் தோன்றினர். 1948 மார்ச்சில் அடிகளின் தொண்டர்கள் சேவாகிராமத்திற் கூடியபோது குமரப்பாவும் அக்கூட்டத்திற் கலந்துகொண்டார். நில உரிமையைச் சீர்திருத்துதற்காகக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, உழுபவனுக்கே நிலம் உரியதாதல் வேண்டும் என்னும் கருத்துடன் 1949-இல் அறிக்கை தந்தார். ஆட்சியாளர் பெரும்பாலும் அவர் காட்டிய வழியிற் செல்லவில்லை. அதனை வெளிப்படையாகக் கண்டித்தமையால் நண்பர் சிலரின் மனவருத்தத்துக்கும் ஆளானார்.

உடல்நலம் குன்றிய நிலையில், 1950-களில் அவர் கல்லுப்பட்டிக்கு வந்தார். ஆங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமம் 1940-இல் கோ. வேங்கடாசலபதி என்னும் தொண்டரால் நிறுவப்பட்டது. சுற்றிலும் மானாவாரி நிலம். மழை பொய்த்தால் உழவர்க்கு வாழ்வில்லை. இலண்டனையும் நியூயார்க்கையும் கண்டவர் அங்கே ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். மனையும் மக்களும் அவர்க்கு இல்லை. ஆசிரமத்தார் பலரும் இந்து சமயத்தினர். குமரப்பாவோ இறுதிவரை கிறிஸ்தவர். அவ்வேற்றுமை ஒருநாளும் அவர்கள் இடையே சுவராக நின்றதில்லை. குடிலில் அண்ணலின் படத்தோடு ஏழைக் குடியானவன் ஒருவனின் படமும் இருந்தது. காந்தியடிகளைத் தம் தலைவர் என்று சுட்டிய அவர், அவ்வேழையைத் தம் தலைவருக்கும் தலைவன் என்று வந்தவர்களுக்குக் காட்டுவார்.

நோய் முற்றவே, சென்னை அரசு பொது மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அவர் உயிர் நீத்தது. காந்தியடிகள் மறைந்து அன்றோடு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன.