மேசையின் அடியில் ஒரு விதானம்: குழந்தைகள் அறிய வேண்டிய மைக்கேலாஞ்சலோ

இத்தாலியின் காப்ரேசே என்ற சிற்றூரில் 1475 மார்ச் 6-ஆம் தேதி பிறந்தவர் மைக்கேலாஞ்சலோ. 6 வயதில் தாயை இழந்தார். ஓவியத் தொழில் குடும்ப மதிப்புக்குப் பொருந்தாது எனத் தந்தை எதிர்த்தபோதும், 13 வயதில் ஃபிளாரன்ஸ் நகர ஓவியர் கிர்லாண்டாயோவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிற சிற்பிகள் கைவிட்ட சலவைக்கல்லில் 1501 முதல் 1504 வரை உழைத்து, 5 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள தாவீது சிலையை வடித்தார்.

தம்மைச் சிற்பியாகவே கருதிய அவரிடம், வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் ஓவியம் தீட்டும் பணியை 1508-இல் போப் இரண்டாம் ஜூலியஸ் ஒப்படைத்தார். சுண்ணப்பூச்சின் ஈரம் உலர்வதற்குள் வண்ணம் தீட்டியாக வேண்டும். சாரத்தின் மீது நின்று, அண்ணாந்தபடி, முகத்தில் வண்ணம் சொட்டச் சொட்ட உழைத்து, 1512-இல் அப்பணியை நிறைவு செய்தார். 1564 பிப்ரவரி 18-ஆம் தேதி ரோமில் 88 வயதில் காலமானார்.

இந்த உழைப்பைக் குழந்தைகளுக்கு உணர்த்த எளிய வழி உண்டு. மேசையின் அடிப்பரப்பில் தாளை ஒட்டி, கீழே படுத்தபடி வரையச் சொல்லலாம். மைக்கேலாஞ்சலோவோ படுத்துக்கொண்டு அல்ல, நின்றபடியே வரைந்தார் என்பதையும் எடுத்துரைக்க வேண்டும். சில நிமிடங்களிலேயே பிஞ்சுக் கைகள் சோர்ந்துவிடும். 4 ஆண்டுகள் என்பதன் பொருள் அப்போது அவர்களுக்குத் தானாகவே விளங்கும்.