குறுக்கெழுத்துக் கட்டங்களைத் தமிழர் வீட்டுக்குள் கொண்டுவந்த எஸ்.எஸ்.வாசன்

சிரம்பான், ஆகஸ்டு 26 – ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டு வேலை பார்த்த என் தாத்தா, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் வந்துவிட்டால் குறுக்கெழுத்துப் பக்கத்தை யாரிடமும் கொடுக்க மாட்டார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். மூலிகைப் பெயர் கேட்டால் பாட்டியைக் கூப்பிடுவார். புராணப் பெயர் என்றால் கோயில் பூசாரி, அரசியல் என்றால் கிராணி, இலக்கணம் என்றால் பள்ளி ஆசிரியர். ஒரு புதிரை முடிப்பதற்குள் பாதி லயம் அவரைச் சுற்றிக் கூடிவிடும்.

அந்தக் கட்டங்களைத் தமிழர் வீடுகளில் பெரும் பழக்கமாக்கியவர்களில் முதன்மையானவர் எஸ்.எஸ்.வாசன். அவர் மறைந்த நாள் 1969 ஆகஸ்டு 26. இன்று பலருக்கும் அவரைச் சினிமாக்காரராகத்தான் தெரியும்.

தஞ்சை மண்ணின் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர் சீனிவாசன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து பாடுபட்டு வளர்த்தார். படிப்பை முடிக்க முடியவில்லை. அஞ்சல்வழிப் பொருள் விற்பனையிலும் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துத் தரும் தொழிலிலும் இறங்கினார். பூதூர் வைத்தியநாதையர் 1926-இல் தொடங்கிய ஆனந்த விகடன் தள்ளாடியபோது, எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்கிட்டு, எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து 1928-இல் அதை வாங்கினார். கல்கியைப் போன்ற எழுத்தாளர்களைச் சேர்த்து, நகைச்சுவையும் தொடர்கதையுமாக இதழை வளர்த்தார்.

1930-களில் அவர் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிதான் விற்பனையை வேகமாக உயர்த்தியது. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 1913 டிசம்பர் 21-இல் நியூயார்க் வேர்ல்டு நாளேட்டில் வெளியிட்டதே நவீனக் குறுக்கெழுத்தின் தொடக்கம். அந்த விளையாட்டு இருபதே ஆண்டுகளில் தமிழுக்கு வந்துவிட்டது. விகடன் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, ரொக்கப் பரிசும் உண்டு. கதை படிக்காதவர்கள்கூடப் போட்டிக்காக இதழை வாங்கினார்கள்.

சூதாட்டம் என்ற குறையும் கூடவே எழுந்தது. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நானே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். குறிப்பு ‘ஏழைக்கு இது இருந்தால் கவலை இல்லை’ என்று இருக்கிறது. கட்டத்தில் ‘ப’வும் ‘ம்’மும் தரப்பட்டு, நடு எழுத்து மட்டும் காலி. பணமா, பலமா? இரண்டும் பொருந்தும். அக்காலப் பரிசுப் போட்டிகள் பலவற்றில், நடத்துபவர் முன்கூட்டியே பூட்டி வைத்த விடையோடு நம் விடை ஒத்துப்போனால்தான் பரிசு. அங்கே தமிழறிவு பாதி வழிதான் வரும், மீதிக்கு அதிர்ஷ்டம் வேண்டும்.

1955-இல் இந்திய நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றி, மாதப் பரிசுத் தொகைக்கு 1,000 ரூபாய் என்று வரம்பு கட்டியது. பெங்களூரிலிருந்து குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய சமர்பாக்வாலா வழக்குத் தொடுத்தார். சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளைத்தான் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும், திறமையே பெரிதும் வெற்றியைத் தீர்மானிக்கும் போட்டிகளை அல்ல என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரே விடை உள்ள நேர்மையான புதிருக்கும் குருட்டு அதிர்ஷ்டத்துக்கும் நடுவே அந்தத் தீர்ப்பு கோடு போட்டது.

இதற்குள் வாசன் வேறு உயரத்துக்குப் போய்விட்டார். அவருடைய சதி லீலாவதி கதை 1936-இல் படமானது. எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். பிறகு ஜெமினி ஸ்டூடியோவை நிறுவினார். 1948-இல் சந்திரலேகா, 1953-இல் ஔவையார். தோட்டத் திடலில் திரை கட்டி ஔவையார் படம் காட்டியதைப் பாட்டி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1964-இல் மாநிலங்களவை உறுப்பினரான வாசன், மறைந்த ஆண்டில் பத்மபூஷண் விருதும் பெற்றார்.

பரிசு ஆசை அடங்கிய பிறகும் குறுக்கெழுத்து நிலைத்தது. நம் நாட்டுத் தமிழ் ஏடுகளிலும் இடம்பிடித்தது. தமிழுக்கென்று அதில் ஒரு தனி வழக்கம் உண்டு. ஆங்கிலப் புதிரில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என இரண்டு திசைகள்தான். தமிழிலோ வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் வரும். தமிழ்ச் சொற்களில் பெரும்பகுதி ம், ல், ன், ர் போன்ற புள்ளி எழுத்துகளில் முடிகின்றன. புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கண விதி. ‘மரம்’ முடியும் கட்டத்திலிருந்து இன்னொரு சொல்லைக் கீழ்நோக்கித் தொடங்க முடியாது. கீழிருந்து மேலேறி ‘பழம்’ என்று முடிக்கலாம். இலக்கண விதி தந்த சிக்கலைத் திசை மாற்றித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

புதிதாகப் போடத் தொடங்குபவர்களுக்கும் தமிழே கைகொடுக்கும். ஒரு கட்டத்தில் ஓர் உயிர்மெய் முழுதாக உட்காருகிறது. குறுக்கே ‘கீ’ கிடைத்துவிட்டால் மெய், உயிர் இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடும். அதனால் உறுதியாகத் தெரிந்த சொற்களை முதலில் நிரப்பி, சந்திக்கும் கட்டங்களிலிருந்து மற்றவற்றைப் பிடிக்கலாம். அடித்து எழுத வேண்டியிருக்கும், பென்சில் நல்லது.

தாத்தாவுக்கு உதவி கேட்க வெட்கம் இருந்ததில்லை. விடையை முழுதாகச் சொன்னால்தான் கோபம் வரும். ஒரே ஓர் எழுத்து மட்டும் சொல் என்பார். தமிழ் படிக்கப் பல்கலைக்கழகம் போகும் முன்பே, ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்க்க நான் கற்றது அந்த வாசற்படியில்தான்.

அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயத்து மக்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் நீலாய்க்கும் பிரிந்து போனார்கள். கைப்பேசியில் தேடினால் விடை நொடியில் வரும், ஆனால் பக்கத்தில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். உங்கள் வீட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் கட்டங்களோடு உட்கார்ந்திருந்தால், அருகில் போய் அமருங்கள். தெரிந்தாலும் ஓர் எழுத்து மட்டும் சொல்லுங்கள்.