மலேரியாவும் ரொனால்டு ராஸும்

மலேரியா எந்த ஒரு தேசத்துக்கும் உரிய பிணியன்று. அதன் மூலத்தைக் கண்டதும் எந்த ஒரு தேசத்தாரின் தனிச் சாதனையன்று. இவ்வுண்மையை ஸர் ரொனால்டு ராஸின் ஜீவிய சரித்திரம் நன்கு விளக்குகிறது.

ராஸ் 1857ஆம் வருஷம் மே மாதம் 13ந் தேதி இமயச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயரது இந்தியச் சேனையில் அதிகாரி. கவிதையில் நாட்டங்கொண்ட மகனை வைத்தியம் பயிலச் செய்தவர் அவரே. 1881ல் ராஸ் இந்திய வைத்திய இலாகாவில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். 1883ல் பங்களூரில் தம் ஜாகைக்கருகே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுக்கள் பிறப்பதைக் கண்டு அதைக் கவிழ்த்தார். கொசுத் தொல்லை குறைந்தது. மற்றத் தொட்டிகளையும் கவிழ்க்கலாமென்று அவர் கூறியதை மேலதிகாரி ஏற்கவில்லை.

இதற்கு முன்பே, 1880ல், அல்ஜீரியாவில் பணி புரிந்த லாவெரான் என்ற பிரெஞ்சு வைத்தியர், நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். ராஸ் அதை நம்பவில்லை. 1894ல் லண்டனில் பாட்ரிக் மான்ஸன் அக்கிருமியை அவருக்குப் பூதக்கண்ணாடியின் வழியே காட்டினார். சீனத்தில் வைத்தியம் செய்த காலத்தில், யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டவர் மான்ஸன். மலேரியாவுக்கும் கொசுவே காரணமாகலாமென்ற அவரது ஊகத்தை ஏந்தி, 1895ல் ராஸ் ஸிகந்தராபாத் திரும்பினார்.

இரண்டு வருஷம் கொசுக்களை அறுத்துப் பார்த்தும் பயனில்லை. ஹுஸேன்கான் என்ற நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றுக் கொண்டு தம் உடலைக் கொடுத்தார். அவரைக் கடித்த அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில், 1897 ஆகஸ்டு 20ந் தேதி, ராஸ் கிருமியைக் கண்டார். சர்க்காரோ, அடுத்த மாதமே மலேரியா அருகிய ராஜபுதனத்துக்கு அவரை மாற்றிற்று! 1898ல் கல்கத்தாவில், முகம்மது பக்ஷ் என்ற உதவியாளரின் துணையுடன், பறவைகளின் மலேரியா கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியே பரவுவதை நிரூபித்தார். அவ்வருஷமே ரோமாபுரியில் கிராஸியும் அவர் தோழர்களும் மனித மலேரியாவுக்கு அனாபிலிஸ் கொசுவே வாகனமென நிலைநாட்டினர்.

1902ல் நோபல் பரிசு ராஸ் ஒருவருக்கே கிட்டிற்று. ஆயினும் கிராஸியின் மீது அவர் கொண்ட பகை ஆயுள் வரையில் தணியவில்லை. பல தேசத்தார் சேர்ந்து முடித்த காரியத்தைத் தனியுடைமையாகக் கருதியது அவர் வாழ்வின் குறையென்றே சொல்ல வேண்டும்.

ஆயின் கொசு ஒழிப்பில் அவர் தேச பேதம் பாராட்டவில்லை. 1899ல் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள பிரீடவுனுக்குச் சென்றார். 1902ல் ஸூயஸ் கால்வாய்க் கம்பெனியார் அழைக்க, எகிப்திலுள்ள இஸ்மாயிலியாவில் தேங்கிய நீரை வடித்தும், வடிக்க இயலாத இடங்களில் எண்ணெய் தெளித்தும் கொசுவை அழிக்க வழி காட்டினார். சில வருஷங்களில் அந்நகரில் மலேரியா பெரும்பாலும் மறைந்தது. அதே காலத்தில் லாகூரையடுத்த மியான்மீரில் இந்திய சர்க்கார் நடத்திய சோதனை தோற்றது. பணமும் முயற்சியும் போதாமையே காரணமென்று ராஸ் வாதித்தார். 1932 செப்டம்பர் 16ந் தேதி அவர் காலமானார்.

அவர் காலத்துக்குப் பின்னரும் படிப்பினை மாறவில்லை. இலங்கையில் 1963ல் மலேரியா கண்டவர் 17 பேரே. கண்காணிப்புத் தளரவே, சில வருஷங்களில் லக்ஷக்கணக்கானோரை அப்பிணி பற்றிற்று. 2016ல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தீவை மலேரியா நீங்கிய நாடென அறிவித்தது. கொசு ஒழிப்பு ஒரு முறை செய்து முடிக்கும் வேலையன்று. ஒரு நாடு தனித்துச் செய்து முடிக்கும் வேலையுமன்று. நமது நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் தேங்கிய நீரை வடிப்பதில் காட்டும் கவனமே அண்டை நாட்டாருக்கு நாம் செய்யும் முதல் உதவி. இதைச் சபைகளுக்கு இடைவிடாது நினைவூட்டுவது தேச ஊழியர்களின் கடமையாகும்.