முரசின் மேல் நின்ற பெண்: டி.ஆர். ராஜகுமாரியின் வாழ்வும் ஆட்டத்தின் சாதியும்

தியாகராய நகரின் பாண்டி பஜாரில் ஒரு காலத்தில் 'ராஜகுமாரி' என்றொரு திரையரங்கு இருந்தது. அதன் உரிமையாளரின் பெயரும் அதுவே. தமிழகத்தில் சொந்தமாகத் திரையரங்கு வைத்திருந்த முதல் நடிகை டி.ஆர். ராஜகுமாரி என்று திரை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அரங்கு இருந்த தெருவின் பெயரைப் பாண்டிச்சேரியோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. உண்மையில் அது சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர் தேய்ந்து மிஞ்சிய துண்டு. இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவிட்டவர் அவர். அவர் பெயர் தாங்கிய கடைத்தெருவில், தேவதாசி மரபில் பிறந்த ஒரு பெண் தன் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்து ஒரு கட்டடத்தைத் தனதாக்கிக்கொண்டார். அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருந்த வாழ்வு நம் விவாதங்களில் அதிகம் இடம்பெறுவதில்லை.

ராஜாயி என்பது அவருடைய இயற்பெயர். 1922-இல் தஞ்சையில் பிறந்தார். பாட்டி குசலாம்பாள் தஞ்சையில் பேர்பெற்ற பாடகி. இசையும் ஆட்டமும் குடும்பத் தொழில். அந்தத் தொழிலுக்குச் சமூகம் விதித்த இழிவும் கூடவே வந்த குடும்பச் சொத்து. இந்தச் சமூகத்தார் பின்னாளில் இசை வேளாளர் என்ற பெயரைத் தேடிக்கொண்டதே அந்த இழிவிலிருந்து வெளியேறத்தான். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் தீண்டப்படாதோராக வைக்கப்பட்டவர்கள் அல்லர். தாசி கருவறைக்கு எதிரே நின்று ஆடினார். பறை அடித்தவர் மதிலுக்கு வெளியே நின்றார். இரண்டு நிலைகளையும் ஒன்றென்று கூறுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆனாலும் இன்ன கலை இன்ன உடலுக்கு உரியது என்று வகுத்து, அந்தக் கலையாலேயே அந்த உடலை இழிவுபடுத்தும் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

ராஜகுமாரி வளர்ந்த காலத்தில் சென்னையின் தெற்குப் பகுதியில் ஆட்டம் கைமாறிக்கொண்டிருந்தது. 1931-இல் மியூசிக் அகாதெமி, கல்யாணி அம்மாளின் மகள்களை மேடையேற்றியது. 1932-இன் இறுதியில் நாட்டியம் வேண்டுமா, ஒழிக்கப்பட வேண்டுமா என்று முத்துலட்சுமி ரெட்டியும் ஈ. கிருஷ்ண ஐயரும் நாளிதழ்களில் மோதினர். 1935-இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி தேவி ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. சதிர் பரதநாட்டியமாயிற்று. மயிலாப்பூர் வீடுகளின் பெண்கள் அதைக் கற்கலாம் என்றாயிற்று. கற்றுத்தந்த நட்டுவனார்களுக்குச் சபைகளில் ஓரளவு இடம் இருந்தது. தலைமுறைகளாக ஆடிவந்த பெண்களில் பாலசரஸ்வதியைப் போலத் தாக்குப்பிடித்தவர்கள் மிகச் சிலர். ஏனையோர் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு ஒரு விடை, கோடம்பாக்கத்திலும் கதீட்ரல் சாலையிலும் இருந்த படப்பிடிப்புத் தளங்கள்.

ராஜகுமாரியின் முதல் படங்களுள் ஒன்றான 'குமார குலோத்துங்கன்' பேசப்படாமல் போயிற்று. பிறகு இயக்குநர் கே. சுப்ரமணியம் அவரைக் கண்டெடுத்தார். நடிகையும் ராஜகுமாரியின் உறவினருமான எஸ்.பி.எல். தனலட்சுமியைக் காண வந்த இடத்தில், காபி கொண்டுவந்து தந்த கறுத்த நிறப் பெண்ணை வேலைக்காரி என்று வந்தவர் எண்ணிவிட்டதாக ஒரு கதை திரையுலகில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. கதை உண்மையோ இல்லையோ, அது இத்தனை ஆண்டுகள் சுவையாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருப்பதே நமக்குச் சான்று. கறுப்பாக இருந்தால் வேலைக்காரி என்று கொள்வது கேட்போருக்கு இயல்பாகத் தோன்றினால்தான் அது கதையாகும். 1941-இல் வெளிவந்த 'கச்ச தேவயானி' அந்தக் கறுத்த பெண்ணை ஒரே படத்தில் தமிழகத்தின் கனவுக்கன்னி ஆக்கியது. தமிழ்த் திரையில் அந்தப் பட்டத்தை முதலில் சுமந்தவர் அவரே என்பர்.

அடுத்து வந்தது 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே அரங்கில் வெளியான அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தியாகராஜ பாகவதரின் பாடல்களுக்காகவே இன்றும் நினைக்கப்படுகிறது. அதில் ராஜகுமாரி ஏற்ற பாத்திரம் ரம்பா: ஆடியும் மயக்கியும் ஒரு குடும்பத் தலைவனைச் சீரழிக்கும் தாசி. இல்லத்தரசி நல்லவள், ஆடுகிறவள் கெட்டவள் என்ற வாய்பாட்டை அந்தப் படம் முழுதாக ஒப்பிக்கிறது. தன் பாட்டியின் தொழிலையே நச்சாகக் காட்டும் வேடத்தில், அந்தத் தொழிலின் எல்லா நயங்களையும் கொட்டி ராஜகுமாரி நடித்தார். கதை அவரைத் தண்டிக்கிறது; அரங்கு நிரம்பியதோ அவரைப் பார்க்கவும்தான்.

இனி முரசாட்டம். கே. சுப்ரமணியத்தோடு தொடர்புடைய ஸ்டுடியோ ஒன்று தீப்பற்றி எரிந்தபின் அதை ஏலத்தில் வாங்கி, ஜெமினி என்று பெயர் சூட்டியவர் எஸ்.எஸ். வாசன். இன்று அண்ணா மேம்பாலம் நிற்கும் சந்திப்பை ஒட்டியிருந்த இடம் அது. அருகே மவுண்ட் ரோட்டில் எல்பின்ஸ்டன், கேசினோ போன்ற அரங்குகளில் ஹாலிவுட் படங்கள் ஓடின. '42-ஆம் தெரு' போன்ற படங்களில் பஸ்பி பெர்க்லி நூறு பெண்களை வரிசையாக நிறுத்தி, உயரத்திலிருந்து கேமராவைக் கவிழ்த்துப் பூவிதழ் போல விரியச்செய்த காலம் அது. அதே பிரம்மாண்டத்தைத் தமிழில் செய்துகாட்ட வேண்டும் என்பது வாசனின் வேட்கை. உதயசங்கர் தமது 'கல்பனா' படத்தை எடுத்ததும் இதே ஜெமினி வளாகத்தில்தான். ஏறத்தாழ ஐந்தாண்டு உழைப்பிலும் 30 லட்சம் ரூபாய் என்று சொல்லப்படும் செலவிலும் உருவாகி, 1948 ஏப்ரலில் 'சந்திரலேகா' வெளியாயிற்று. தலைப்புப் பாத்திரம் ராஜகுமாரி. எம்.கே. ராதாவும் ரஞ்சனும் அண்ணன் தம்பி இளவரசர்கள்.

கொடுங்கோலன் சசாங்கன் அவளை மணக்கத் துடிக்கிறான். திருமணத்திற்கு இசைவதுபோல் இசைந்து, முதலில் ஒரு முரசாட்டம் நடக்கட்டும் என்கிறாள் சந்திரலேகா. அரண்மனை முற்றத்தில் ஆள் உயரத்திற்கும் மேற்பட்ட முரசுகள் வரிசை வரிசையாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் பெண்கள் ஆடுகிறார்கள், தரையிலும் ஆடுகிறார்கள். ஏ.கே. சேகரின் அரங்க அமைப்பும் கமல் கோஷின் ஒளிப்பதிவும் சேர்ந்து அந்த முற்றத்தை முடிவற்றதாகக் காட்டுகின்றன. ஆட்டம் முடிந்ததும் முரசுகளைப் பிளந்துகொண்டு உள்ளே மறைந்திருந்த வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். பெர்க்லியின் பெண்கள் வடிவக் கணிதத்தின் புள்ளிகள். அவர்கள் ஆடுவதால் கதையில் எதுவும் நடப்பதில்லை. இங்கே ஆட்டமே போர்த் தந்திரம். அதை வகுத்தவள், முன்னின்று ஆடுகிறவள், ஒரு நாட்டியக்காரி. தமிழ்ப்படம் ஹாலிவுட்டிடம் கடன் வாங்கி, கடன் கொடுத்தவனை மிஞ்சிய இடம் இது என்பது என் துணிபு.

அந்தக் காட்சியைக் காணும்போது எனக்குள் எழும் இன்னோர் எண்ணத்தையும் மறைக்க இயலாது. தமிழ் மண்ணில் தோற்கருவி வெறும் இசைக்கருவி அன்று. தோலைத் தொட்டவனின் சாதி அதில் ஒட்டியிருக்கிறது. வாசனின் முரசுகளில் தோலின் நாற்றம் இல்லை. அடிப்பவனும் மையத்தில் இல்லை. முரசு ஒரு மேடை ஆகிவிட்டது. அந்தப் பிரம்மாண்டத்திற்கு உழைத்த கூட்டத்தையோ படத்தின் பெயர்ப்பட்டியல் ஜெமினி பாய்ஸ், ஜெமினி கேர்ள்ஸ் என்று தலைக்கணக்காக அறிவித்து நகர்ந்துவிடுகிறது.

ஹாலிவுட்டிலும் கதை வேறல்ல. 1935-இல் 'தி லிட்டில் கர்னல்' படத்தில் கறுப்பின ஆட்டக் கலைஞர் பில் ராபின்சன், சிறுமி ஷெர்லி டெம்பிளின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஆடினார். வெள்ளைக் குழந்தையின் கையைக் கறுப்புக் கை தொடும் காட்சி தெற்கு மாநிலங்களில் வெட்டப்பட்டது. மறு ஆண்டு ஃப்ரெட் அஸ்டயர், ராபின்சனுக்கு அஞ்சலி என்று சொல்லி முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடினார். அதை யாரும் வெட்டவில்லை. லீனா ஹார்ன் பாடிய காட்சிகள், தேவைப்பட்டால் கதை குலையாமல் நீக்கிவிடத்தக்க வகையில் தனித் துண்டுகளாகவே படமாக்கப்பட்டன. 'ஸ்டார்மி வெதர்' (1943) படத்தில் நிக்கோலஸ் சகோதரர்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தாவி, கால்களை அகல விரித்தபடியே படிப்படியாக இறங்கும் சில நிமிடங்களைப் பார்த்தவர்களுக்கு அஸ்டயரே சற்று வெளிறித் தெரிவார். ஆயினும் அந்தச் சகோதரர்களுக்குக் கதாநாயக வேடம் தர எந்தப் பெரிய ஸ்டுடியோவும் முன்வரவில்லை. இந்தப் படங்களை நான் விரும்பிப் பார்ப்பவன். எந்த உடல் ஆடலாம், எந்த உடல் ஆடினால் வெட்டப்படும் என்று ஒரு சட்டகம் அவற்றுள் இயங்குகிறது என்பதை அறிந்தபின்தான் அந்தக் கால்களின் விலை எனக்குப் புரிந்தது.

'சந்திரலேகா' வெளியான காலத்தைச் சட்டப் புத்தகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1947-இல் சென்னை மாகாணம் இரு சட்டங்களை இயற்றியது. ஆலய நுழைவு அதிகாரச் சட்டம், அதுவரை மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோருக்குக் கோயில் வாசலைத் திறந்தது. தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடை செய்ததோடு கோயில் வளாகத்தில் பெண்கள் ஆடுவதையும் தடுத்தது. இரண்டாவது சட்டம் வந்திருக்கக் கூடாது என்று நான் வாதிட மாட்டேன். அந்த முறைக்குள்ளிருந்தே வந்து அதை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் போராட்டத்தை அறிந்தவர் எவரும் அப்படி வாதிட இயலாது. என் குறை வேறு. ஒரு தொழிலை ஒழிக்கும் சட்டம், தொழிலாளிக்கு என்ன ஏற்பாடு என்று கூற வேண்டும். ஆட்டம் சபைக்குப் போயிற்று. ஆடியவர்களுக்கு வழி சொல்லப்படவில்லை. சட்டம் எல்லாரையும் எட்டவும் இல்லை. திருவள்ளூர், வேலூர் வட்டாரங்களில் அருந்ததியர் வீட்டுப் பெண் குழந்தைகளை மாத்தம்மனுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் குறித்த செய்திகளின் பேரில், 2017-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சட்டம் பிறந்து எழுபது ஆண்டுகள் கழித்து!

ராஜகுமாரிக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை; அவரே செய்துகொண்டார். தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அந்நிறுவனத்தின் தயாரிப்பு. அடுத்த ஆண்டு 'குலேபகாவலி' வசூலை அள்ளியது. ராஜகுமாரியும் அதில் நடித்தார். நடிகை என்பவள் கூலிக்கு ஆடுகிறவள், படம் முதலாளியுடையது என்றிருந்த தொழிலில், படத்தையும் அது ஓடும் அரங்கையும் ஒரு பெண் தன் கைக்குக் கொண்டுவந்தது சிறிய செயல் அன்று. தாசி மரபில் பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்தது என்பதையும், அந்த உரிமையோடு பழகிய குடும்பத்திலிருந்து அவர் வந்தார் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணுகிறேன்.

திரைக்கதைகளோ மாறவில்லை. 1954-இல் வந்த 'மனோகரா'வில் ராஜகுமாரி ஏற்றது வசந்தசேனை வேடம். மன்னனை மயக்கி, அரசியையும் மகனையும் வதைக்கும் ஆசைநாயகி. வசனம் எழுதியவர் மு. கருணாநிதி, அவரும் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். புராணப் படத்தில் ரம்பாவாக இருந்தவள் பகுத்தறிவுக் காலத்துப் படத்தில் வசந்தசேனை ஆனாள். ஆடும் பெண் மீதான தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. திராவிட இயக்கத் திரைப்படங்களின் மீது எனக்குள்ள மதிப்பு குறையாமலேயே இதைச் சொல்கிறேன்.

'வானம்பாடி' (1963) படத்தோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பேட்டிகள், பாராட்டு விழாக்கள் ஆகியவற்றிலிருந்து விலகிக் குடும்பத்தோடு வாழ்ந்தார். அதே குடும்ப உறவில் வந்த ஜோதிலட்சுமி எழுபதுகளிலும் எண்பதுகளிலும் திரையில் ஆடினார். அப்போது ஆட்டத்துக்கு 'கிளப் டான்ஸ்' என்று பெயர். கதாநாயகி ஆடினால் நடனம். ஜோதிலட்சுமி ஆடினால் கவர்ச்சி. மார்கழியில் மயிலாப்பூர் சபைகளில் நடந்துகொண்டிருந்ததற்கு மட்டும் கலை என்ற பெயர்.

ராஜகுமாரி 1999 செப்டம்பர் 20 அன்று மறைந்தார். பாண்டி பஜாரில் அவர் பெயர் தாங்கிய அரங்கு இப்போது இல்லை. முரசாட்டத்திற்காக அத்தனை பெண்கள் ஒத்திகை பார்த்த ஜெமினி வளாகத்தின் ஒரு பகுதியில் நட்சத்திர விடுதி ஒன்று நிற்கிறது.